ஊழியர் தன்னார்வத் திட்டம்: யாருடைய நேரம் செலவாகிறது?

ஊழியர்கள் தொண்டு நிறுவனங்களுக்குப் போய் உதவ ஒரு கம்பெனி நடத்தும் ஊழியர் தன்னார்வத் திட்டம் படுத்துவிட்டால், “நம்ம ஆட்களுக்கு ஆர்வம் இல்லை” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உண்மை இல்லை. பெயர் கொடுக்கச் சொன்னால் தாராளமாகக் கொடுக்கிறார்கள். வர வேண்டிய நாளில்தான் வர முடிவதில்லை. கிளம்பும் நேரத்தில் மேனேஜர் “இதை மட்டும் முடிச்சிட்டுப் போயிடுங்க” என்கிறார். அது மதியம் வரை இழுக்கிறது. அந்தப் பக்கம், இவர்களை எதிர்பார்த்து இரண்டு பணியாளர்களை ஒதுக்கி வைத்திருந்த தொண்டு நிறுவனத்துக்கு அரை நாள் வீண்.

அதனால், என்ன சேவை செய்யலாம் என்று யோசிப்பதற்கு முன்பே ஒரு கணக்கைப் போட்டுவிட வேண்டும். யாருடைய நேரம் செலவாகப் போகிறது? அதற்கு அவர்கள் சம்மதித்திருக்கிறார்களா? ஊழியரின் நேரம் மட்டும் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அவர் இல்லாதபோது வேலையைத் தாங்கும் டீமின் நேரம், வருகிறவர்களை வைத்து வேலை வாங்கும் தொண்டு நிறுவனத்தின் நேரம், இரண்டையும் இணைக்கும் ஒருங்கிணைப்பாளரின் நேரம், இந்த மூன்றும் திட்ட அறிக்கையில் வருவதே இல்லை. திட்டங்கள் உடைவது அந்த மூன்று இடங்களில்தான்.

எத்தனை மணி நேரம் கொடுப்பது

அமெரிக்க மென்பொருள் கம்பெனியான சேல்ஸ்ஃபோர்ஸ் தன் ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 7 நாள், அதாவது 56 மணி நேரம், சம்பளத்தோடு தன்னார்வ விடுப்பு தருகிறது. பலர் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு அதையே தங்கள் கொள்கையில் எழுதிக்கொள்ள நினைக்கிறார்கள். காலணி, உடை தயாரிக்கும் டிம்பர்லேண்ட் போன வழி சின்ன கம்பெனிகளுக்கு இன்னும் பொருத்தமானது: 1992-ல் 16 மணி நேரத்தில் தொடங்கி, பிறகு படிப்படியாக 40 மணி நேரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஏழு நாள் என்று அறிவித்துவிட்டு ஒரு நாளுக்குக்கூட அனுமதி கிடைக்காத நிலை, இரண்டு நாள் என்று அறிவித்து இரண்டையும் கொடுப்பதைவிட மோசம். முதல் ஏமாற்றத்துக்குப் பிறகு அடுத்த அழைப்பை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

120 பேர் வேலை பார்க்கும் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 16 மணி நேரம் என்றால் மொத்தம் 1,920 மணி நேரம். முதல் ஆண்டில் நாலில் ஒருவர் மட்டும் முழுதாகப் பயன்படுத்துவார் என்று கொண்டால் 480 மணி நேரம், அதாவது 60 ஆள்-நாட்கள். ஃபைனான்ஸ் பிரிவிடமும் துறைத் தலைவர்களிடமும் இந்த 60 என்ற எண்ணைச் சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும். “வருஷத்துக்கு ரெண்டு நாள்தானே” என்று வாங்கிய ஒப்புதல், கஸ்டமர் சப்போர்ட்டில் இருக்கும் ஆறு பேரில் மூன்று பேர் ஒரே வெள்ளிக்கிழமை கேட்கும்போது காற்றில் போய்விடும். அதனால் ஒவ்வொரு டீமிலும் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் வெளியே போகலாம் என்பதை அந்தந்த மேனேஜரே முன்கூட்டி எழுதிக் கொடுக்கட்டும். எண்ணை அவரே சொன்னதால், கடைசி நேரத்தில் தடுக்கத் தயங்குவார்.

கொள்கை இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் அந்த இரண்டு பக்கத்தில் சில விஷயங்கள் தெளிவாக இருந்தே ஆக வேண்டும். நேரத்தை 2 மணி நேரத் துண்டுகளாக எடுக்கலாமா, முழு நாளாகத்தானா? துண்டுகளாக எடுக்க விடுவதே நல்லது, குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது போன்ற வாராந்திர வேலைகள் அப்போதுதான் நடக்கும். கோரிக்கை வந்தால் மேனேஜர் எத்தனை வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்? மூன்று நாள் போதும். பதில் வராவிட்டால் அனுமதித்ததாகவே கொள்ளப்படும் என்று எழுதுங்கள். இந்த ஒரு வரி இல்லாத கொள்கைகளில் கோரிக்கைகள் மெயிலிலேயே செத்துப்போகின்றன. ஒப்பந்த ஊழியர்களும் பயிற்சிக் காலத்தில் இருப்பவர்களும் உண்டா? பயணச் செலவு யாருடையது? வேலை நடக்கும் இடத்தில் அடிபட்டால் கம்பெனியின் காப்பீடு செல்லுமா? கடைசிக் கேள்வியைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்க வேண்டும். வாய்வார்த்தை பிறகு உதவாது.

எந்த மாதிரி அமைப்புகளுக்குப் போகலாம் என்பதற்கும் ஒரு வரையறை வேண்டும். கட்சி வேலை கூடாது, மதப் பிரச்சாரம் கூடாது என்பது அநேகமாக எல்லாக் கொள்கையிலும் இருக்கிறது. ஆனால் ஒரு மத அமைப்பு நடத்தும் இலவச மருத்துவமனை எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்றால் அது சேருமா? சேரும் என்றோ சேராது என்றோ முதலிலேயே எழுதிவிடுங்கள். ஒருவர் கேட்ட பிறகு முடிவெடுத்தால் அது அந்த நபரைப் பற்றிய முடிவாகிவிடும்.

கட்டாயம் நுழையும் வழிகள்

யாரும் வெளிப்படையாகக் கட்டாயப்படுத்துவதில்லை. துறைவாரியாகப் பங்கேற்பு விகிதத்தைப் போர்டில் ஒட்டுவார்கள், மேனேஜர் தன் டீமைத் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் “சமூகப் பங்களிப்பு” என்று ஒரு வரி வந்துவிட்டால் கதை முடிந்தது. வீட்டில் நோயாளியைக் கவனிப்பவர், இரண்டாவது வேலை பார்ப்பவர், ஏற்கெனவே தன் தெருவில் சத்தமில்லாமல் சேவை செய்பவர் எல்லோரும் இதில் பின்தங்கியவர்களாகத் தெரிவார்கள். சம்பள உயர்வோடு இதை எந்த வகையிலும் முடிச்சுப் போடக் கூடாது.

இதில் சட்டமும் இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி ஊதிய விதிகளின்படி, முதலாளி கேட்டுக்கொண்டோ அவருடைய கட்டுப்பாட்டிலோ செய்யும் பொதுப்பணி வேலை நேரமாகவே கணக்கிடப்படும். வழக்கமான நேரத்துக்கு வெளியே தானாக விரும்பிச் செய்வது அப்படிக் கணக்கில் வராது. மற்ற நாடுகளில் சொற்கள் வேறாக இருக்கலாம். ஆனால் “சனிக்கிழமை எல்லாரும் வந்துடுங்க” என்று மேலிடத்திலிருந்து மெயில் அனுப்பும் முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்பது எங்கும் அவசியம்.

தொண்டு நிறுவனத்திடம் முதல் பேச்சு

“எங்களிடம் 40 பேர் இருக்கிறார்கள், ஏதாவது வேலை கொடுங்கள்” என்று கேட்பது அவர்களுக்குத் தர்மசங்கடம். நாளை நன்கொடை தரக்கூடிய கம்பெனி என்பதால் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். இல்லாத வேலையை உண்டாக்குவார்கள். அடுக்கி வைத்த புத்தகங்களைக் கலைத்து மறுபடி அடுக்கச் சொல்வதும், போன மாதம்தான் வெள்ளையடித்த சுவருக்கு மீண்டும் வெள்ளையடிக்கச் சொல்வதும் இப்படித்தான் நடக்கின்றன.

எனவே கேள்விகளை மாற்ற வேண்டும். ஆள் இல்லாததால் மூன்று மாதமாகத் தள்ளிப்போன வேலை எது? அதற்கு ஒரே நேரத்தில் எத்தனை பேர் போதும்? எந்தக் கிழமை, எந்த நேரம் உங்களுக்குச் சௌகரியம்? எங்கள் ஆட்களைக் கவனிக்க உங்கள் பணியாளர் எத்தனை பேர், எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்? அதற்கு என்ன செலவாகும், அதை நாங்கள் ஏற்கலாமா? முன்பு வந்த கம்பெனிகள் செய்ததில் எது உங்களுக்குத் தொல்லையாக இருந்தது? கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வராது. “நாங்களும் வேண்டாத வேலை செய்ய விரும்பவில்லை” என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள், வரும்.

ஐந்தாவது கேள்வியில் இருக்கும் பணம் முக்கியம். மேற்பார்வை, பொருள்கள், கழிப்பறை வசதி, பின்னால் சுத்தம் செய்வது எல்லாமே செலவுதான். அதைத் தொண்டு நிறுவனத்தின் தலையில் கட்டிவிட்டு “இலவச உழைப்பு கொடுத்தோம்” என்று சொல்வது நியாயம் இல்லை. பெரிய குழுவை அனுப்பும்போதெல்லாம் ஏற்பாட்டுச் செலவையும் சேர்த்து அனுப்புவதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிசம்பர் 5, ஐ.நா. பொதுச்சபை 1985-ல் அறிவித்த சர்வதேசத் தன்னார்வலர் நாள். அந்த வாரம் எல்லாக் கம்பெனிகளும் கிளம்பிவிடுகின்றன. அதே தொண்டு நிறுவனத்துக்கு மற்ற மாதங்களில் ஒரு ஆள் கிடைப்பது கஷ்டம். கேக் வெட்ட அந்த நாளை வைத்துக்கொண்டு, வேலைக்கு வேறு மாதத்தைக் கேளுங்கள்.

பெயிண்ட் அடிக்கும் நாள்

குழு வேலை என்றாலே முதலில் நினைவுக்கு வருவது வகுப்பறைக்குப் பெயிண்ட் அடிப்பது. எளிதாகத் தோன்றும் இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

6 மீட்டருக்கு 6 மீட்டர் அறை, 3 மீட்டர் உயரம். நான்கு சுவரும் சேர்த்து 72 சதுர மீட்டர். கதவு, ஜன்னல், கரும்பலகைக்கு 12 கழித்தால் 60. சாதாரண எமல்ஷன் ஒரு லிட்டருக்கு, ஒரு கோட்டுக்கு, ஏறக்குறைய 10 சதுர மீட்டர் வரும் (டப்பாவில் போட்டிருக்கும் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்). இரண்டு கோட்டுக்கு 12 லிட்டர். இவ்வளவு வரை எல்லோரும் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். விட்டுப்போவது இரண்டு விஷயம். ஒன்று, முன்வேலை. பெஞ்சுகளை வெளியே எடுப்பது, உரிந்த பெயிண்டைச் சுரண்டுவது, விரிசலுக்குப் பட்டி வைத்துக் காய்ந்த பின் தேய்ப்பது, பிரைமர் அடிப்பது. இது முந்தைய இரண்டு நாள் வேலை, கைதேர்ந்த பெயிண்டர் ஒருவர் செய்ய வேண்டியது. அவருக்குக் கூலி உங்கள் பட்ஜெட்டில் இருக்க வேண்டும். இரண்டு, காயும் நேரம். முதல் கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே சுமார் 4 மணி நேரம் விட வேண்டும். பத்து மணிக்கு வந்து ஒரு மணிக்குக் கிளம்பும் குழு ஒரு கோட்தான் அடிக்க முடியும். பழைய நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும் சுவரோடு குழுப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டாவது கோட் அந்தப் பள்ளியின் செலவு.

ஆள் எண்ணிக்கையும் அப்படித்தான். சுவருக்கு ஒருவர், மூலை ஓரங்களை பிரஷ்ஷால் முடிக்க இருவர் என்று ஓர் அறைக்கு ஆறு பேர் போதும். எட்டாவது ஆளுக்கு நிற்க இடம் இருக்கும், கையில் வேலை இருக்காது. கை சும்மா இருப்பவர் அரை மணி நேரத்தில் போனை எடுப்பார், அடுத்த முறை வரவும் மாட்டார். காலை 9 முதல் 11.30 வரை ஆறு பேர், மாலை 3.30 முதல் 6 வரை வேறு ஆறு பேர் என்று பிரித்தால் ஒரே நாளில் அறை முடிந்துவிடும். 9 அங்குல ரோலர் நான்கு, 2 அங்குல பிரஷ் இரண்டு, ரோலர் ட்ரே நான்கு, தரைக்குத் தார்ப்பாய், ஜன்னல் ஓரத்துக்கு மாஸ்கிங் டேப், ஏணி ஒன்று. ஏணியில் அந்தப் பெயிண்டர் மட்டுமே ஏறட்டும். மீதி பெயிண்டை எங்கே வைப்பது, பிரஷ்ஷை யார் கழுவுவது என்பதற்கும் முன்கூட்டியே ஒரு பெயர் எழுதியிருக்க வேண்டும்.

40 பேரும் சேர்ந்தே போக வேண்டும் என்று மேலிடம் விரும்பினால், பெயிண்ட் வேலை அதற்கு ஏற்றதல்ல. பொட்டலம் போடுவது, மரக்கன்று நடுவது, குப்பை அகற்றுவது போல ஒரே வேலையைப் பல கைகள் செய்யக்கூடியதைத் தேட வேண்டும்.

தொழில்திறன் கொண்டு உதவுவது

கணக்காளர் கணக்குப் புத்தகங்களை ஒழுங்குபடுத்துவது, வடிவமைப்பாளர் கையேடு செய்து தருவது, புரோகிராமர் நன்கொடையாளர் பட்டியலுக்கு ஒரு மென்பொருள் அமைப்பது. சரியாகச் செய்தால் இதைவிடப் பயனுள்ள தன்னார்வப் பணி இல்லை. ஐ.பி.எம். 2008-ல் தொடங்கிய கார்ப்பரேட் சர்வீஸ் கோர் இந்த வகையில் பெரிய முயற்சி: ஊழியர்களைச் சிறு குழுக்களாக வேறு நாடுகளுக்கு ஒரு மாதம் அனுப்பி, அங்குள்ள அமைப்புகளின் பிரச்சினைகளில் வேலை செய்ய வைத்தார்கள். உள்ளூரில் செய்ய அவ்வளவு தேவை இல்லை. ஒரே பிரச்சினை, ஆறு முதல் எட்டு வாரம், வாரம் 3 மணி நேரம், இரண்டு பேர்.

ஏன் இரண்டு பேர் என்றால், ஒருவர் வேலையை விட்டுப்போனால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். தொண்டு நிறுவனப் பக்கமும் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் பெயர் சொல்லி இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் திட்டத்தைத் தொடங்கவே வேண்டாம்.

இங்கே வழக்கமாக நடக்கும் விபத்து ஒப்படைப்பில். வலைத்தளமோ படிவமோ தன்னார்வலரின் சொந்த மெயிலில் தொடங்கப்பட்டிருக்கும். எட்டு மாதம் கழித்து டொமைனை (தளத்தின் இணைய முகவரியை) புதுப்பிக்கும் நினைவூட்டல் அந்த மெயிலுக்குப் போகும். அவர் வேறு கம்பெனியில் இருப்பார். தளம் ஒரு நாள் காலையில் காணாமல் போகும். முதல் நாளிலேயே எல்லாக் கணக்குகளும் தொண்டு நிறுவனத்தின் மெயிலில் தொடங்கட்டும். கடைசி வாரத்தில், அங்கே வேலை பார்ப்பவர் உங்கள் உதவி இல்லாமல் ஒரு முழுச் சுற்றை, உதாரணமாக ஒரு நன்கொடையைப் பதிந்து ரசீது அச்சிடும் வரை, தானே செய்து காட்டட்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அதை மட்டும் எழுதி இரண்டு பக்கக் குறிப்பாகக் கொடுத்தால் போதும். 40 பக்கக் கையேட்டை யாரும் படிப்பதில்லை.

குழந்தைகளோடு நேரடியாகப் பழகும் பணிகளுக்கு விதிகள் தனி. அந்த அமைப்பின் பாதுகாப்புக் கொள்கையை ஒவ்வொருவரும் படித்துக் கையெழுத்திட வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியறையில் இருக்கக் கூடாது. சொந்த போன் எண் பரிமாற்றமோ, அனுமதியில்லாத படமோ கூடாது. இதற்கு முணுமுணுப்பவரை வேறு பணிக்கு மாற்றுங்கள், விதியைத் தளர்த்தாதீர்கள்.

முதல் மூன்று மாதம்

முதல் இரண்டு வாரம் ஊழியர்களிடம் கேட்பது. “தன்னார்வப் பணியில் விருப்பமா” என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள், அதனால் ஒன்றும் தெரியாது. எந்தக் கிழமை, எந்த நேரம் முடியும்? இப்போது எங்காவது செய்துகொண்டிருக்கிறீர்களா? கடைசியாகப் பெயர் கொடுத்துவிட்டு வர முடியாமல் போனது எதனால்? இந்த மூன்று போதும். இரண்டாவது கேள்வியில் கிடைக்கும் பெயர்கள்தான் உங்கள் முதல் குழுத் தலைவர்கள். தொண்டு நிறுவனங்களின் அறிமுகமும் அவர்களிடமிருந்தே வரும்.

அடுத்த மூன்று வாரத்தில் நான்கைந்து அமைப்புகளோடு பேசி இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஐந்து அமைப்போடு ஆளுக்கொரு முறை போவதைவிட ஒன்றோடு ஐந்து முறை போவது இரு பக்கமும் நல்லது. மூன்றாவது முறை போகும்போது யாரும் வழி காட்ட வேண்டியிருக்காது. மீதி வாரங்களில் 8 முதல் 12 பேர் கொண்ட மூன்று பணிகள், அவற்றில் ஒன்று அலுவலக நேரத்துக்குள், ஒன்று ஷிப்ட் ஊழியர்களுக்கு. ஷிப்ட் ஆட்கள் எப்போதும் விட்டுப்போகிறவர்கள். அவர்களுக்கு ஷிப்ட் மாறும் வேளையையொட்டி, வேலை இடத்திலேயே செய்யக்கூடிய 90 நிமிடப் பணி வையுங்கள். அந்த நேரத்துக்கு ஓவர்டைம் கொடுப்பதா, உற்பத்தி நேரத்தில் கழிப்பதா என்று முதலில் முடிவாகட்டும்.

12 பேர் தேவை என்றால் 15 பேரைப் பதியுங்கள். ஏழு நாள் முன்பும் முந்தைய நாளும் நினைவூட்டல், அது பொதுக் குழுவில் வேண்டாம், பெயர் சொல்லி. பதிவு உறுதியான அன்றே அவருடைய காலண்டரில் அந்த நேரத்தை அடைத்து, மேனேஜரையும் அதே அழைப்பில் சேர்த்துவிடுங்கள். எத்தனை பேர் பதிந்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் குறித்து வைத்தால், நான்காவது பணியிலிருந்து எத்தனை பேரைக் கூடுதலாகப் பதிய வேண்டும் என்பது உங்கள் சொந்தக் கணக்கிலேயே தெரியும்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளருக்கு வாரத்தில் ஒரு முழு நாளாவது வேண்டும், அது அவருடைய வேலை விவரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மற்ற வேலைகளுக்கு நடுவே “இதையும் பார்த்துக்கோங்க” என்று ஹெச்ஆரில் யாரிடமாவது கொடுத்தால், ஆண்டு இறுதி வேலைகள் குவியும் மாதத்தில் திட்டம் நின்றுவிடும்.

எண்கள் சொல்வது

200 பேர் உள்ள கம்பெனியில் 30 பேர் ஆளுக்கு நான்கு முறை வந்தால் வருகைப் பதிவு 120. “60 சதவீதம் பங்கேற்பு” என்று அறிக்கையில் வந்துவிடும். உண்மையில் 15 சதவீதம். வருகையையும் நபர்களையும் தனித்தனியாக எண்ணுங்கள். இரண்டாவது முறை திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்பது மொத்த மணி நேரத்தைவிட அதிகம் சொல்லும். தொண்டு நிறுவனத்திடமும் இரண்டு கேள்வி: எங்களுக்காக நீங்கள் எத்தனை மணி நேரம் செலவிட்டீர்கள், அதே பணியை மறுபடி எங்களிடம் கேட்பீர்களா? எங்கள் 10 பேர் 3 மணி நேரம் கொடுத்தார்கள், அவர்கள் பக்கம் 25 மணி நேரம் செலவானது என்றால், அவர்களுக்கு மிஞ்சியது 5 மணி நேரம்தான்.

ஏற்கெனவே ஓடும் திட்டத்தைச் சரிசெய்வதற்கும் இந்த எண்களே வழிகாட்டும். பெயர் கொடுத்து வராதவர்கள் ஒரே துறையிலிருந்து என்றால் அந்த மேனேஜரோடு உட்கார்ந்து பேச வேண்டும். எல்லாத் துறையிலும் பரவலாக என்றால் நாளும் நேரமும் தவறு. ஒருமுறை வந்தவர்கள் திரும்பவில்லை என்றால் வேலையில் குறை இருக்கிறது, பெரும்பாலும் ஆள் அதிகம், வேலை குறைவு. ஆட்கள் ஆர்வமாகப் போகிறார்கள், ஆனால் தொண்டு நிறுவனம் தானாக ஒருமுறைகூட அழைத்ததில்லை என்றால், நீங்கள் அவர்களுக்குச் சுமையாக இருக்கிறீர்கள்.

சில கூட்டுறவுகளை நிறுத்த வேண்டியும் வரும். பட்ஜெட் குறையலாம், அலுவலகம் இடம் மாறலாம், தேவை தீரலாம். மூன்று மாதம் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். வாராவாரம் ஒரே தன்னார்வலரை எதிர்பார்க்கும் பிள்ளைகள் இருந்தால் பருவத்தின் நடுவே நிறுத்தாமல் தேர்வு முடியும் வரை கொண்டுபோங்கள். எது கடைசி வகுப்பு என்று பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் முன்பே தெரியட்டும். பொருள்கள், சாவிகள், பாஸ்வேர்டுகள் எல்லாம் பட்டியல் போட்டு ஒப்படைத்து, இரு பக்கமும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.